பத்திரம் கைமாறும் இடம்: சொந்த வீடுள்ள ஒற்றைப் பெற்றோரும் பிணையில்லாக் கடனும்

கடனைப் பற்றிய பொதுப்பேச்சில் ஏழை என்றால் வீடற்றவர், வீடுள்ளவர் என்றால் ஓரளவு வசதியுள்ளவர் என்ற பிரிவினை எளிதாக இடம்பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே, கூரை தன்னுடையதாகவும் வருமானம் ஒரே ஆளுடையதாகவும் உள்ள குடும்பம் அந்தப் பிரிவினைக்குள் அடங்குவதில்லை. கணவனை இழந்தோ, பிரிந்தோ, கைவிடப்பட்டோ தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாய் இக்குடும்பத்தின் வழக்கமான தலைவி. தனித்து வளர்க்கும் தந்தையர் எண்ணிக்கையில் குறைவு என்றாலும் இங்கு பேசப்படும் சட்டநிலை பெரும்பாலும் அவர்களுக்கும் பொருந்தும். பிணையில்லாக் கடன் என்பது நகையோ நிலமோ வீடோ ஈடாக வைக்கப்படாமல், கையெழுத்தையும் வருமானத்தையும் மட்டும் நம்பித் தரப்படுவது: மகளிர் குழுக் கடன், தண்டல், தனிநபர் கடன், கடன் அட்டை, கைபேசிச் செயலிவழிக் கடன் எல்லாம் இதில் சேரும். இத்தகைய கடன் தானாக ஒரு வீட்டைப் பறிப்பது அரிது. அதை அடைக்கும் அவசரத்தில் வீட்டுப் பத்திரம் கைமாறும்போதுதான் வீடு போகிறது என்பதே இக்கட்டுரை வந்தடையும் முடிவு.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டியிருக்கும் சேரப்பணஞ்சேரி இம்முடிவை நிறுத்திப் பார்ப்பதற்கு ஏற்ற ஊர். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஏரிப்பாசன நெல்வயல்கள் மனைகளாயின. கிராம நத்தத்தில் ஓட்டு வீடு வைத்திருந்தவரின் இடத்துக்கும் அதன் உரிமையாளர் எதிர்பாராத விலை வந்தது. வேலையோ அதே உறுதியுடன் வரவில்லை. நிரந்தரத் தொழிலாளர் ஒரு பக்கமும், ஒப்பந்ததாரர் மூலம் வருவோர், பயிற்சியாளர் என்ற பெயரில் எடுக்கப்படுவோர், உணவகத்திலும் துப்புரவிலும் இருப்போர் மறுபக்கமுமாக உழைப்புச் சந்தை பிளவுபட்டது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றுபோனபோது, நிரந்தரம் என்று நம்பப்பட்ட வேலைகளும் எட்டே ஆண்டுகளில் முடியக்கூடியவை என்பது இப்பகுதிக்குத் தெரிந்தது. நிலத்தின் மதிப்பு உயர்ந்துகொண்டே போக, வருமானம் நிலையற்றே இருந்ததால், கடன் கொடுப்பவர் பார்வையில் ஒரு பெண்ணின் சம்பளத்தைவிட அவளுடைய மனை கவர்ச்சியானது. பிணை கேட்காமல் கொடுப்பவர்கூட வீடு சொந்தமா என்று விசாரித்துவிட்டே கொடுக்கிறார்.

வீடே பல நேரங்களில் கடனின் தொடக்கமாகவும் இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு ₹3.5 லட்சம் தருகிறது. கம்பி, சிமென்ட், கொத்தனார் கூலி ஆகியவை அதைத் தாண்டும்போது மீதியைக் குடும்பமே புரட்ட வேண்டும். தவணைப் பணம் கட்டுமானம் ஒவ்வொரு நிலையை எட்டிய பிறகே வரும் என்பதால், அடுத்த நிலைக்கு ஏற்றும் செலவைக் குழுக் கடன் நிரப்புகிறது. இரண்டு வருமானமுள்ள குடும்பம் இந்த இடைவெளியை ஓராண்டில் கடந்துவிடக்கூடும். ஒரே வருமானமுள்ள குடும்பத்தில் அதற்குள் பள்ளிக் கட்டணமோ பிரசவமோ காய்ச்சலோ குறுக்கிட, ஒரு குழுவின் டியூவை, அதாவது தவணையை, கட்ட இன்னொரு குழுவில் சேர வேண்டியதாகிறது.

கடனின் விலையைப் புரிந்துகொள்வதில் உள்ள குழப்பம் இந்தச் சுழற்சிக்கு வசதி செய்துகொடுக்கிறது. தண்டல் என்பது நாள்தோறும் வீட்டுக்கோ கடைக்கோ வந்து வசூலிக்கப்படும் கடன். ₹10,000 என்று பேசி, ₹1,500ஐ முன்பே பிடித்துக்கொண்டு ₹8,500 கையில் தந்து, நாளொன்றுக்கு ₹100 வீதம் நூறு நாள் வாங்குவது அதில் ஒரு வகை. பதினைந்து சதவீதம் போலத் தோன்றும் இதில், கட்டக் கட்டக் குறையும் அசலை வைத்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 சதவீதம் வருகிறது; அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்னும் ‘பத்து வட்டி’க்குச் சமம். பத்து வட்டி என்று கேட்டால் முகம் சுளிப்பவர் தண்டலை நியாயமான கடன் என்று எண்ணுவது இதனால்தான். நிறுவனங்கள் சொல்லும் நிலையான வட்டியிலும், அதாவது குறைந்துவரும் அசலைக் கணக்கில் கொள்ளாமல் முதல் தொகைக்கே கடைசிவரை போடப்படும் வட்டியிலும், இதே மயக்கம் உண்டு. ₹50,000 கடனுக்கு 12 சதவீதம் வீதம் இரண்டாண்டுக்கு ₹12,000 வட்டி சேர்த்து மாதத் தவணையாகக் கட்டுபவர் உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல் செலுத்துகிறார். 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்குத் தரப்படும் தவணைக் கடன்களுக்குக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் தகவல் தாளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. தண்டல்காரரின் குறிப்பேடு அந்த விதிக்கு வெளியே இருக்கிறது.

நுண்கடனுக்கான ரிசர்வ் வங்கியின் 2022 விதிமுறைகள் அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தன. ஆண்டு வருமானம் ₹3 லட்சம் வரையுள்ள குடும்பத்துக்குப் பிணையின்றித் தரும் கடனே நுண்கடன் என்றும், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் அவை வரையறுக்கின்றன. வசூல் ஒரு பொது இடத்திலேயே நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறைக்குக் குறையாமல் அங்கு வராதவரின் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ மட்டுமே ஊழியர் செல்லலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைப்பதும், உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொந்தரவு செய்வதும், பெயரை ஊரறிய வெளியிடுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. காகிதத்தில் நல்ல விதிகள் இவை. ஆயினும் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் என்று வைத்து எழுதப்பட்டதால், ஒற்றைப் பெற்றோரின் நாளுக்கு அவை பொருந்தவில்லை. பணம் வசூலாகும் குழுக் கூட்டம் காலையில் நடக்கும். முதல் ஷிப்டுக்குக் கம்பெனி வண்டியில் விடியுமுன் ஏறிவிட்ட பெண்ணுக்குப் பதிலாக அனுப்ப வீட்டில் இன்னொரு பெரியவர் இல்லை. பணம் கையில் இருந்தும் இரண்டு கூட்டங்களைத் தவறவிட்டவர், விதியின்படியே வீட்டு வாசலில் வசூலுக்கு உரியவராகிவிடுகிறார். வருமானத்தில் பாதி என்ற வரம்பும் அப்படியே: இருவர் சம்பாதித்து நால்வர் உண்ணும் வீட்டில் மிஞ்சும் பாதியும், ஒருவர் சம்பாதித்து மூவர் உண்ணும் வீட்டில் மிஞ்சும் பாதியும் ஒன்றல்ல. நுண்கடன் நிறுவனங்களின் சுய ஒழுங்கு அமைப்பான எம்ஃபின், ஒருவருக்கு நான்கு நிறுவனங்கள், மொத்தம் ₹2 லட்சம் என்று 2024இல் வைத்த வரம்பை 2025 ஏப்ரலில் மூன்று நிறுவனங்களாகச் சுருக்கியது. கடன் மேல் கடன் ஏறுவதை இது தடுக்கும் என்பது உண்மை. ஏற்கெனவே ஒன்றை வாங்கி மற்றொன்றைக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு அந்த வழி திடீரென அடைபட, மிஞ்சியது தண்டல் என்பதும் உண்மை.

இனி வீட்டைப் பற்றிய சட்டநிலை. இதில்தான் அச்சமும் உண்மையும் மிகவும் விலகி நிற்கின்றன. வசூலுக்கு வருபவர் ‘வீட்டை ஜப்தி செய்வோம், பூட்டுப் போடுவோம்’ என்று சொல்வது வழக்கம். பிணையில்லாக் கடன் கொடுத்தவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தீர்ப்பாணை பெற்று, பிறகு நிறைவேற்று மனு போட வேண்டும். அவ்வழக்கைக் காலவரம்புச் சட்டம் 1963இன்படி பொதுவாக மூன்றாண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஆனால் அந்த மூன்றாண்டுக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்தாலோ, கையெழுத்திட்டு ஒரு சிறு தொகை கட்டினாலோ கெடு புதிதாக ஓடத் தொடங்கும். தீர்ப்பாணை வந்த பிறகும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908இன் 60ஆம் பிரிவு, விவசாயி, தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோருக்குச் சொந்தமாகி அவர்களே குடியிருக்கும் வீட்டையும் அதைச் சார்ந்த மனையையும் ஜப்தியிலிருந்து விலக்குகிறது. தொழிலாளியின் கூலி, சமையல் பாத்திரம், உடுதுணி, கைத்தொழிலாளியின் கருவிகள், வருங்கால வைப்பு நிதி ஆகியவையும் இவ்வாறே காக்கப்பட்டவை. அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு, பணத் தீர்ப்பாணையை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. நூறாண்டைக் கடந்த இந்த இரு பிரிவுகளும் தண்டல் வாங்கும் பெண்களின் காதுக்கு எட்டாமலே போனதில் வியப்பில்லை. அவற்றைச் சொல்வதில் கடன் தருபவருக்கு எந்த ஆதாயமும் இல்லை.

இந்தப் பாதுகாப்புக்கு எல்லைகள் உண்டு. யார் தொழிலாளி என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். உடலுழைப்பால் பிழைப்பவர் என்ற பொருள் அதற்குப் பெரும்பாலும் கொள்ளப்படுவதால், ஆலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் இந்த விலக்கைப் பெறுவது கடினம். தானே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்பகுதியில் தனி முக்கியத்துவம் உடையது. வடமாநிலத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடுவதற்காக வீட்டின் பின்புறம் வரிசை அறைகள் கட்டியிருந்தால், அந்த அறைகள் விலக்குக்குள் வருவது ஐயம். ஒற்றைத் தாய்க்கு அந்த வாடகையே மிக உறுதியான வருமானமாக இருக்கலாம் என்பது இதிலுள்ள முரண்.

எல்லாவற்றிலும் பெரிய எல்லை, அவரே கையெழுத்திட்டுக் கொடுப்பது. வீட்டை அடமானமாக எழுதிக்கொடுத்தவருக்கு அந்தக் கடனைப் பொறுத்தவரை 60ஆம் பிரிவு உதவாது. வங்கியிடமோ வீட்டுவசதி நிதி நிறுவனத்திடமோ அடமானம் வைத்தால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, தவணை 90 நாள் தவறி வாராக்கடனான பின் 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, வழக்குத் தொடுக்காமலே வீட்டைக் கைப்பற்ற முடியும். தனியாரிடம் நடப்பது இன்னும் மோசமானது: கடனுக்கு உறுதியாக என்று சொல்லிக் கிரய ஒப்பந்தமோ பொது அதிகாரப் பத்திரமோ பதிவு செய்து வாங்கிக்கொள்ளப்படுகிறது, கடன் தவறினால் ஒப்பந்தப்படி விற்பனை என்று வாதிடப்படுகிறது, அது கடன்தான், விற்பனை அல்ல என்று நிரூபிக்கும் சுமை கையெழுத்திட்டவர் தலையில் விழுகிறது. தொகை எழுதாத காசோலையும் இதே வகையில் கடனின் தன்மையை மாற்றிவிடுகிறது. காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ் இரண்டாண்டு வரை சிறையும் காசோலைத் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதமும் உண்டு. பெண் என்ற விலக்கு அங்கே இல்லை. ஆகவே ஒற்றைப் பெற்றோர் தம் கடன்களைப் பட்டியலிடும்போது யார் சத்தமாகக் கேட்கிறார் என்பதை விட்டு, எதற்கு எந்தத் தாள் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற வரிசையில் வைப்பதே பொருத்தம். வழக்கத்தில் முதலில் பணம் போவது தெருவில் நின்று கத்துபவருக்கு. வீட்டுக் கடன் தவணையும் காசோலை கொடுத்த கடனும் பின்னுக்குப் போகின்றன.

பல கடன்களை அடைக்க வீட்டின்மேல் ஒரே பெரிய கடன் வாங்கிவிடலாம் என்ற ஆலோசனை பரவலாகத் தரப்படுகிறது, நிதி ஆலோசகர்களாலும். வட்டிக் கணக்கை மட்டும் பார்த்தால் அதில் தவறில்லை. பத்து வட்டியை விட்டு ஆண்டுக்குப் பன்னிரண்டோ பதினைந்தோ கட்டுவது லாபம்தான். ஆனால் எட்ட முடியாத தூரத்தில் இருந்த வீடு அந்த ஒரு கையெழுத்தில் எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. ஒப்பந்த வேலை போனால் இழப்பது கடன் மதிப்பெண்ணை அல்ல, கூரையை. நிரந்தர வேலையும் உறுதியான வாடகை வருமானமும் உள்ளவருக்கு இது ஏற்கத்தக்கதாக இருக்கலாம். மற்றவருக்கு நகைக்கடன் குறைந்த தீங்கு. அங்கு போனால் போவது நகை மட்டுமே.

வீடு இறந்த கணவரின் பெயரில் இருக்கும்போது கேள்வி வேறாகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் அவருடைய தாய்க்கும் சமபங்காகச் சேரும். ஆகவே ‘சொந்த வீடு’ என்பதில் தாய்க்கு உரியது ஒரு பங்கே. வயது வராத பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் அடமானம் வைக்கவோ விற்கவோ இயற்கைக் காப்பாளரான தாய்க்கும் அதிகாரமில்லை என்று அதே ஆண்டின் இளவர், காப்பாளர் சட்டம் கூறுகிறது. மீறிச் செய்ததைப் பிள்ளை பின்னாளில் ரத்துசெய்யக் கோரலாம். கணவர் வாங்கிய கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பு. தாமும் கையெழுத்திட்டிருந்தால் ஒழிய, மனைவி தன் சம்பளத்திலிருந்து அதைக் கட்டக் கடமைப்பட்டவரல்லர். குழுக் கடன்கள் பலவற்றில் கடன் வாங்கும்போதே கடனாளிக்கும் கணவருக்கும் காப்பீட்டுத் தொகை பிடிக்கப்படுவதுண்டு. இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அதைக் கோராமல், பல மாதம் டியூ கட்டியவர்கள் உண்டு.

கடன் கொடுமைக்கு எதிரான சட்டங்கள் தமிழ்நாட்டில் புதியவை அல்ல. 1938இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் முதல், நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடை விதித்து மூன்றாண்டு வரை சிறையும் ₹30,000 வரை அபராதமும் வைத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஒரு நீண்ட வரிசை உண்டு. அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதே, 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமை பற்றி மனு மேல் மனு கொடுத்த குடும்பம் ஒன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றி, ஜூனில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற சட்டம், கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைக்கு மூன்றாண்டு வரை சிறையும் ₹5 லட்சம் வரை அபராதமும் வைக்கிறது. பழைய சட்டத்தில் எவ்வளவு வட்டி வாங்கப்பட்டது என்று காட்ட வேண்டியிருந்தது. எழுத்தில் இல்லாத வட்டியைக் காட்டுவது கடினம். எப்படி வசூலிக்கப்பட்டது என்று கேட்கும் புதிய சட்டத்துக்குக் கைபேசியில் பதிவான மிரட்டலே சான்றாகக்கூடும்.

முறைப்படி இயங்கும் நிறுவனத்தின்மேல் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிச் செல்லலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன்படி பெண்ணுக்கு வருமான வரம்பு எதுவுமின்றி இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். சொந்த வீடு அதற்குத் தடையல்ல. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் அசலில் ஒரு பகுதியோடு முடித்துக்கொள்வதும் நடக்கிறது. அவ்வாறு முடித்த கடன் சிபில் முதலிய கடன் வரலாற்று அறிக்கைகளில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி அடுத்த கடனைச் சில ஆண்டுகள் கடினமாக்கும். அந்தக் கடினம் ஒருவகையில் நன்மையே என்று சொல்பவர்களின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது, பிள்ளையின் கல்விக் கடனுக்குத் தாய் இணைக் கடனாளியாக வேண்டிய ஆண்டு வரும்வரை. அரசு தரும் நிலையான பணம் சிறியது: 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை மாதம் ₹1,000, கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டோருக்குமான ஓய்வூதியம் ₹1,200. இவை டியூவை அடைக்கப் போதாதவை என்றாலும், இந்தத் தொகை வரும் கணக்கையே தானியங்கிப் பிடித்தத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுவது வீட்டின் கடைசி அரிசிப் பணத்தையும் கடனுக்கு விடுவதாகும்.

கடனுக்காக வீடு போகலாமா என்ற கேள்வியைப் பிற நாடுகள் வேறுவிதமாகத் தீர்த்துள்ளன. டெக்சாஸ் 1839லேயே குடியிருக்கும் வீட்டைக் கடன்காரரிடமிருந்து காக்கும் சட்டத்தை இயற்றியது. இங்கிலாந்தில் நிலைமை எதிரானது: லண்டனின் ஈஸ்ட்ஹாமில் வீடு வாங்கிய தமிழ்த் தாயின் கடன் அட்டை நிலுவைக்குத் தீர்ப்புப் பெற்ற நிறுவனம், நீதிமன்ற ஆணையால் அதே கடனை வீட்டின்மேல் ஏற்றிவிட முடியும், அதற்கு மாற்றாக 2021 மே முதல் வட்டியும் வசூலும் 60 நாள் நிற்கும் அவகாசம் அங்கு உண்டு. இலங்கையில் போருக்குப் பிந்திய வடக்கிலும் கிழக்கிலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் நுண்கடனில் மூழ்கியபோது, 2018இல் அரசு வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் செலுத்தத் தவறிய ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்தது. கடன் பிறக்கும் காரணங்கள் தொடர்ந்ததால் 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் மீண்டும் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர்.

இந்தியாவில் கடைசி வழியாகச் சொல்லப்படுவது நொடிப்பு மனு, மக்கள் வழக்கில் மஞ்சள் கடுதாசி. காஞ்சிபுரம் போன்ற மாவட்டங்களுக்கு இதற்கு இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே பொருந்துகிறது. ஜப்திக்கு விலக்கான வீடு அதிலும் கடன்காரர்களிடையே பங்கிடப்படும் சொத்தில் சேராது. 2016ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத்தொகுப்பு ஏழைக் கடனாளியின் சிறு கடன்களை முற்றாக நீக்கும் ‘புதுத் தொடக்கம்’ என்ற முறையை எழுதிவைத்திருக்கிறது: ஆண்டு வருமானம் ₹60,000க்கும், சொத்து ₹20,000க்கும், கடன் ₹35,000க்கும் மிகாதவருக்கு அது உரியது. தனிநபர்களுக்கான அந்தப் பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் தந்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. வந்தாலும் இந்தப் புதுத் தொடக்கம் சேரப்பணஞ்சேரியின் 360 சதுர அடி வீட்டுக்காரிக்கு எட்டாது, ஏனெனில் 80ஆம் பிரிவின் நிபந்தனைகளுள் ஒன்று, விண்ணப்பிப்பவர் அடமானத்தில் இருப்பதோ இல்லாததோ எந்த ஒரு குடியிருப்புக்கும் சொந்தக்காரராக இருக்கக்கூடாது என்பது.